டிராக் காரின் ஃபைபர் முன்பாடி பிய்ந்து பறந்தது: லேயர் கூட்டுவதா, மவுன்டிங்கை மாற்றுவதா?

கம்பிக்கூடு | ஏப்ரல் 21

வணக்கம். குன்றத்தூர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, இரண்டு வருடமாகச் சொந்தமாக ஒரு டிராக் கார் கட்டிக்கொண்டிருக்கிறேன். சதுரக் குழாயில் வெல்டு செய்த ஃபிரேம், பழைய எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜின், புதுப்பேட்டையில் தேடித் தேடிச் சேர்த்த சஸ்பென்ஷன் சாமான்கள். பாடி முழுக்க நானே போட்ட ஃபைபர். முன்பக்கம் பானெட், இரண்டு ஃபெண்டர், மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே பீஸ்.

போன மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு பிராக்டிஸ் நாளில் முழு பாடியோடு முதல்முறை ஓட்டினேன். மூன்றாவது சுற்று, நேர்ப்பாதை, வேகம் 130-ஐத் தொடுகிறது. பானெட்டின் பின் ஓரம் நடுவில் ஒரு விரல் அளவு தூக்கியதைக் கண்ணால் பார்த்தேன். காலை எடுப்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம். முன்பாடி முழுதாக எழுந்து, ரோல் பாரில் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய்) இடித்து, பின்னால் போய் விழுந்தது. பின்னால் அந்த நேரம் வேறு கார் இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

விவரம் சொல்கிறேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடியிழை மேட் மூன்று லேயர், பாலியெஸ்டர் ரெசின், மேலே ஜெல்கோட் (வெளிப்பக்கப் பளபளப்புப் பூச்சு). எடை 14 கிலோ. நான்கு மூலையில் நான்கு 6 மி.மீ. போல்ட், சாதாரண வாஷர். போல்ட் நான்கும் இன்னும் ஃபிரேமில்தான் இருக்கின்றன, வாஷரோடு. பின்பக்க ஓட்டைகள் இரண்டும் ஓரம் வரைக்கும் கிழிந்திருக்கின்றன. முன்பக்கம் இரண்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துண்டாகப் பிய்ந்து போல்ட்டிலேயே நிற்கின்றன.

லேயரைக் கூட்டட்டுமா, கார்பன் ஃபைபருக்கு மாறட்டுமா, போல்ட்டை எட்டாக்கட்டுமா? அடுத்த முறை இது நடக்கவே கூடாது. அதற்காக எவ்வளவு வேலை இருந்தாலும் செய்யத் தயார்.

எஸ்டீம்காரன் | ஏப்ரல் 21

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். 3 மி.மீ. ஸ்டீல் கம்பிக்கயிறு இரண்டு துண்டு வாங்கி, ஃபிரேமுக்கும் முன்பாடிக்கும் இடது வலது இரண்டு பக்கமும் கட்டுங்கள். நான் சோழவரத்தில், அந்தப் பழைய விமான ஓடுபாதையில், பந்தயம் பார்த்து வளர்ந்தவன். 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததிலிருந்து அங்கேதான் போய் வருகிறேன். பறந்து போன பானெட் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். பாடி பிய்ந்தாலும் உங்கள் காரோடுதான் கிடக்க வேண்டும், அடுத்தவன் முகத்துக்குப் போகக் கூடாது.

அப்புறம், ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்று எங்கே வெளியே போகிறது?

கம்பிக்கூடு | ஏப்ரல் 21

அதற்கென்று வழி எதுவும் வைக்கவில்லை அண்ணா. அடியில் தட்டையான தகடு போட்டு மூடியிருக்கிறேன்.

ஏரோ_குரோம்பேட்டை | ஏப்ரல் 22

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

130 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்கு 36 மீட்டர். நம் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு சுமார் 1.15 கிலோ. பாதி அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 750 நியூட்டன் வருகிறது. மூக்கு வழியாக உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் அடியிலிருந்து தள்ளுகிறது. பானெட்டின் வளைவுக்கு மேலே ஓடும் காற்று உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து அந்த 750 அளவுக்கு வந்தது என்று வைத்தால், 1.4 ச.மீ. பரப்புக்கு 1,050 நியூட்டன். அதாவது நூறு கிலோவுக்கு மேல். ஒரு பெரிய ஆள் பானெட்டுக்கு அடியில் உட்கார்ந்து முதுகால் நெம்புகிற மாதிரி. 160-க்குப் போனால் இது இன்னும் ஒன்றரை மடங்கு, ஏனென்றால் வேகம் வர்க்கத்தில் ஏறும்.

ஆனால் நூறு கிலோவை நான்கு போல்ட் பங்கு போட்டால் ஆளுக்கு 25 கிலோ. 3 மி.மீ. ஃபைபர் அதை நேர் இழுவையில் தாராளமாகத் தாங்கும். அப்படியானால் ஏன் பிய்ந்தது? உங்கள் பதிவிலேயே பதில் இருக்கிறது: பின் ஓரம் நடுவில்தான் முதலில் தூக்கியது. இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் மெல்லிய ஓரம் வில்லாக வளைந்தது, அந்த இடைவெளியில் காற்று புகுந்தது. வளைந்த தகடு போல்ட்டை நேராக இழுக்காது, சாய்த்து நெம்பும். பின் ஓட்டைகள் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம்? அவை கிழிந்ததும் பாடி பாய்மரம் மாதிரி எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு முன் போல்ட்டுகளின் மேல் வந்தது வெறும் 25 கிலோ இல்லை, ஒரு மீட்டர் நீள நெம்புகோல்.

அதனால் போல்ட்டை எட்டாக்குவது மட்டும் போதாது. ஓரம் வளையாமல் இருக்க வேண்டும்.

கம்பிக்கூடு | ஏப்ரல் 22

அளந்து பார்த்தேன். ஓரத்திலிருந்து ஓட்டையின் நடுவுக்கு 8 மி.மீ. தான். கிழிந்த இடத்தை டார்ச் வைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. முன் ஓட்டையைச் சுற்றி ஜெல்கோட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல். இந்த விரிசல் டிராக்குக்குப் போகும் முன்பே இருந்தது. பெயின்ட் குறை என்று நினைத்துவிட்டேன்.

காசிமேடு_ஃபைபர் | ஏப்ரல் 23

தம்பி, நான் இருபத்தைந்து வருடமாகப் படகுக்கு ஃபைபர் போடுகிறவன். கார் எனக்குத் தெரியாது. ஃபைபர் தெரியும். இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரை ஏறி நிற்கிறது, ஜூன் 14 வரைக்கும் மூச்சு விட நேரம் இல்லை. ஆனாலும் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளைப் புள்ளி என்பது காற்று. மேட் சரியாக நனையவில்லை, ரோலர் சரியாக ஓடவில்லை. ஒரு ரூபாய்க் காசை எடுத்துப் பாடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், காற்று இருக்கும் இடத்தில் மொத்தென்று கேட்கும். நட்சத்திர விரிசல் வந்தால் இரண்டு காரணம்: ஜெல்கோட் தடித்துப் போயிருக்கும், இல்லையென்றால் அந்த இடம் ஓயாமல் வளைந்து கொடுக்கிறது. உங்களுக்கு இரண்டுமே இருக்கும் என்று நினைக்கிறேன். ஜெல்கோட் அரை மி.மீ. இருந்தால் போதும்.

லேயர் கூட்டாதீர்கள். 450 மேட் ஒரு லேயர் ரெசினோடு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ வரும். மூன்று லேயர், ஜெல்கோட்டோடு ஐந்து கிலோ. கார் கம்பெனி போடும் 0.7 மி.மீ. இரும்புத் தகடே ஐந்தரை கிலோதான். அவ்வளவு பாடுபட்டு இரும்பின் எடைக்கே வந்து நிற்கிறீர்கள்.

படகில் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? ஓரத்தை மடக்குவோம். மோல்டிலேயே (அச்சிலேயே) ஓரம் 30 மி.மீ. உள்பக்கம் மடங்கி வரும்படி வைத்தால், அந்த மடிப்பே பாதி பலம். வெறும் காகிதத்தை ஒரு முனையில் பிடித்தால் தொங்கும், ஓரத்தை மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும் இல்லையா, அதே கதை. நடுவில் நீளமாக ரிப் போடுங்கள். பிளம்பிங் பி.வி.சி. பைப்பைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இரண்டு லேயர் போட்டால் ரிப் ஆகிவிடும். பைப்புக்கு உள்ளே பலம் இல்லை, அது வெறும் வடிவம்தான். பைப் உட்காரும் ஓரத்தில் பட்டி வைத்து வளைவாக்கிவிட்டு அப்புறம் மேட் போடுங்கள். கூர்மூலையில் மேட் படியாது, காற்று நிற்கும்.

இன்னொன்று, ரிப்பை அவசரப்பட்டுப் போடக் கூடாது. முதல் லேயர்கள் நன்றாக இறுகிய பிறகு, மோல்டை விட்டு எடுக்காமல், அதிலேயே வைத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வெளிப்பக்கம் பளபளப்பில் ரிப்பின் கோடு தெரியும்.

கம்பிக்கூடு | ஏப்ரல் 23

ரொம்ப நன்றி அண்ணே. ரெசினில் ஒரு சந்தேகம். பாடி போட்ட அன்று மதியம் ஷெட்டில் 38 டிகிரி. ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கடைக்காரர் சொன்ன மாதிரி 2 சதவீதம் ஊற்றினேன். ஒரு கிலோ கலந்து வைத்த பக்கெட் பத்து நிமிடத்தில் கெட்டியாகி, புகை கிளம்பி, பக்கெட்டின் அடியே உருகி ஓட்டையாகிவிட்டது. அந்த அவசரத்தில்தான் ரோலர் சரியாக ஓடாமல் போனது என்று இப்போது புரிகிறது.

காசிமேடு_ஃபைபர் | ஏப்ரல் 24

சித்திரை வெயிலில் மதியம் ரெசின் கலக்கவே கூடாது தம்பி. நாங்கள் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுவோம். கேட்டலிஸ்ட்டை 1 சதவீதத்துக்கு இறக்கலாம், அதற்கும் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாது, வருடம் போனாலும் பிசுபிசுப்பும் வாடையும் போகாது. கால் கிலோ, அரை கிலோவாகக் கலக்குங்கள். ஆழமான பக்கெட்டில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் சூடு வெளியே போய்விடும், இரண்டு மடங்கு நேரம் கிடைக்கும். ரெசினில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாக வாங்கினால், கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். மூக்குக்குத் துணி கட்டினால் ரெசின் வாடைக்குப் பயன் இல்லை, கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். இதையெல்லாம் இளவயதில் செய்யாமல் இருந்ததால்தான் சொல்கிறேன்.

ஜெல்கோட் அடித்த பிறகு விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், ஆனால் விரலில் வரக் கூடாது. அதற்கு முன் மேட் வைத்தால் ரெசின் ஜெல்கோட்டைத் தின்று முதலைத்தோல் மாதிரி சுருங்கிவிடும். மோல்டில் பீஸ் ஒட்டாமல் கழன்று வர வேக்ஸ் ஐந்தாறு கோட், அதன் மேல் பி.வி.ஏ. என்கிற, தண்ணீரில் கரையும் பூச்சு. கடல்காற்று ஈரத்தோடு அடிக்கிற நாளில் பி.வி.ஏ. லேசில் காயாது, காய்ந்தது என்று நம்பி ஜெல்கோட் அடித்துவிடாதீர்கள். பீஸ் எடுக்கும்போது இரும்பு உளி வேண்டாம். ஓரத்தில் மரச்சீவலைச் செருகி உள்ளே தண்ணீர் ஊற்றுங்கள், பி.வி.ஏ. கரைந்து தானே கழன்று வரும்.

புதுக்கை | ஏப்ரல் 24

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இந்த மாதிரி ஒன்று கட்ட ஆசைப்படுகிறேன். கார்பன் ஃபைபர் போட்டால் எடையும் குறையும், பலமும் கிடைக்குமே, ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை? அப்புறம் இந்த மாதிரி காரை டிராக்குக்கு ரோட்டில் ஓட்டிப் போக முடியுமா?

எஸ்டீம்காரன் | ஏப்ரல் 24

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது. வீட்டில் கட்டிய காருக்குப் பதிவே கிடையாது. டிரெய்லரில்தான் ஏற்றிப் போக வேண்டும், அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டூல்ரூம்_அம்பத்தூர் | ஏப்ரல் 25

கார்பன் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் தொழிற்பேட்டையில் ட்ரோன் பாகங்களுக்குக் கார்பன் வேலை செய்கிறோம்.

கார்பனின் பலம் முழுதாக வெளியே வர வேண்டுமென்றால் எபாக்ஸி ரெசின், வேக்குவம் பேக் (பையால் மூடிக் காற்றை உறிஞ்சி அழுத்துவது), சூடேற்றிப் பதப்படுத்துதல் மூன்றும் வேண்டும். பிரஷ்ஷால் தடவிய கார்பனுக்கும், அதே மாதிரி தடவிய நல்ல கண்ணாடித் துணிக்கும் முன்பாடி விஷயத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற வித்தியாசம் இருக்காது. இன்னொரு சிக்கல், சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் கறுப்புப் பாடி டிரெய்லர் மேல் நின்றால் மேற்பரப்பு 70-ஐத் தொடும். பீஸ் தொய்ந்து போன வடிவத்திலேயே நிற்கும். அதனால் மோல்டில் இருக்கும்போதே தெர்மாகோல் பெட்டி கட்டி, ஹீட்டர் வைத்து, மணிக்குப் பத்துப் பத்து டிகிரியாக ஏற்றி 70-க்குக் கொண்டுபோய் சில மணி நேரம் வைக்க வேண்டும்.

தெர்மாகோல் என்றதும் ஞாபகம் வருகிறது. பிளக் (மோல்டு எடுப்பதற்கான மாதிரி வடிவம்) செய்ய தெர்மாகோல் செதுக்குகிறவர்கள் அதன் மேல் நேராகப் பாலியெஸ்டர் ஊற்றினால், ஐஸ்கிரீம் மாதிரி கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸி என்றால் கரையாது, அல்லது பியூ (பாலியூரிதேன்) ஃபோம் வாங்கிக்கொள்ளலாம்.

கார்பன் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் நம் உப்புக்காற்றில் அலுமினியம் அரித்துவிடும், நடுவில் ஒரு லேயர் கண்ணாடித் துணி வைக்க வேண்டும். அறுக்கும்போது வரும் தூள் கரண்டைக் கடத்தும், எங்கள் கிரைண்டர் ஒன்று அதனாலேயே எரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கார்பன் உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். டிராக்கில் அடுத்தவன் டயரில் ஏறும்.

கம்பிக்கூடு, உங்களுக்கு என் யோசனை: மேட் ஒரு லேயர் 300 கிராம், அதன் மேல் 200 கிராம் கண்ணாடித் துணி ஒன்று, நடுவில் 5 மி.மீ. பி.வி.சி. ஃபோம், அதன் மேல் மறுபடி துணி ஒன்று. சதுர மீட்டருக்கு மூன்று கிலோ சுற்றி வரும். தகடு தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. ஃபோம் எடை ஏற்றாமல் அந்தத் தடிமனைக் கொடுக்கிறது. ஆனால் போல்ட் வரும் இடத்தில் ஃபோம் இருக்கவே கூடாது, நசுங்கிவிடும். அங்கே ஃபோமைச் சரிவாகச் சீவி எடுத்துவிட்டு, ஆறேழு லேயர் துணி ஒவ்வொன்றும் முந்தையதைவிட 25 மி.மீ. பெரியதாக வைத்துக் கெட்டியாக்குங்கள். போல்ட்டைச் சுற்றி ஒரு அலுமினிய ஸ்லீவ், இரண்டு பக்கமும் 40 மி.மீ. வட்டத் தகடு. ஓட்டை ஓரத்திலிருந்து குறைந்தது விட்டத்தின் மூன்று மடங்கு தள்ளி, அதாவது 6 மி.மீ. போல்ட்டுக்கு 18.

இப்படிப் பத்து போல்ட் போட்டு ஃபிரேமோடு இறுக்கிவிடுங்கள். அசையாது.

ஏரோ_குரோம்பேட்டை | ஏப்ரல் 25

கடைசி வரி தவிர எல்லாவற்றுக்கும் உடன்படுகிறேன் சார். பத்து போல்ட்டில் இறுக்கினால் ஃபிரேம் முறுகும்போது அந்த முறுக்கெல்லாம் பாடிக்குள் போகும். வீட்டில் கட்டிய சதுரக் குழாய் ஃபிரேம் முறுகாமல் இருக்காது. நட்சத்திர விரிசல் டிராக்குக்குப் போகும் முன்பே வந்ததே, அதைக் கவனியுங்கள்.

டூல்ரூம்_அம்பத்தூர் | ஏப்ரல் 26

ஃபிரேம் அவ்வளவு முறுகினால் திருத்த வேண்டியது ஃபிரேமைத்தான். பாடியைத் தொளதொளவென்று விட்டால் அது அதிர்ந்து அதிர்ந்தே ஓட்டை பெரிதாகும்.

எஸ்டீம்காரன் | ஏப்ரல் 26

பத்து போல்ட் என்றால் பிட்டில் (டிராக் ஓரம் காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) ஒரு ஹோஸ் கழன்றால்கூட இருபது நிமிடம் போய்விடும். முன்பாடி ஒரு ஆள், ஒரு நிமிடத்தில் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் அதுவும் ஒரு கணக்கு. ஃபைபர் நன்றாக எரியும், தீயணைப்பான் உள்ளே போக வழி வேண்டும்.

கம்பிக்கூடு, நீங்களே அளந்து பார்த்துவிடுங்கள். இங்கே உட்கார்ந்து வாதாட வேண்டாம்.

கம்பிக்கூடு | ஏப்ரல் 28

அளந்துவிட்டேன். பழைய முன்பாடியைக் கிளாம்ப் வைத்து ஃபிரேமில் உட்கார வைத்து, பின் ஓரத்துக்கும் ஸ்கட்டில் தகட்டுக்கும் (பானெட்டுக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் தகடு) நடுவில் இருந்த இடைவெளியை இரண்டு மூலையிலும் குறித்துக்கொண்டேன். பிறகு முன் இடது மூலையில் மட்டும் ஜாக்கி வைத்து, அந்தச் சக்கரம் தரையை விடும் வரை தூக்கினேன். இடது மூலை இடைவெளி 6 மி.மீ. இருந்தது 10 ஆனது. வலது மூலை அப்படியே இருந்தது. இறக்கினால் மறுபடி 6.

நான்கு மி.மீ. என்பது நான் எதிர்பார்க்காத அளவு. டூல்ரூம் சார் சொல்கிற மாதிரி ஃபிரேமில் குறுக்குக் குழாய் இரண்டு சேர்க்கப் போகிறேன். ஆனால் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு மி.மீ. இருக்கத்தான் செய்யும். வளைவில் ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் அந்த நான்கு மி.மீ. இந்த நான்கு போல்ட்டையும் பிடுங்கிப் பார்த்திருக்கிறது.

டூல்ரூம்_அம்பத்தூர் | ஏப்ரல் 28

நான்கா! சரி, அப்படியென்றால் ஏரோ தம்பி சொல்வதுதான் வழி. பத்து போல்ட்டை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஜிக் ஃபிக்சரில் (வேலை செய்யும்போது பாகத்தைச் சரியான இடத்தில் பிடிக்கும் அமைப்பு) நாங்கள் செய்கிற முறையையே இதற்கும் வைக்கலாம். ஒரு இடம் வட்ட ஓட்டை, அது நகராது. இரண்டாவது இடம் நீள்ஓட்டை, பக்கவாட்டில் மட்டும் நகரும். மீதி இடங்கள் மேலும் கீழும் மட்டும் பிடிக்கும், மற்ற திசையில் விட்டுக்கொடுக்கும். பாடி எங்கே உட்கார வேண்டும் என்பதை இரண்டு இடம் முடிவு செய்யும். காற்று தூக்காமல் பிடிப்பது மற்றவற்றின் வேலை. ரப்பர் பாபின் (அதிர்வு தாங்கும் ரப்பர் துண்டு) வைத்துவிட்டால் அதிர்வும் போகும்.

வெயிலுக்கும் இது உதவும். ஒன்றரை மீட்டர் ஃபைபர் 40 டிகிரி சூடேறினால் ஒன்றரை மி.மீ. நீளும், இரும்பு ஃபிரேம் அதில் பாதிதான் நீளும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த இடங்களையெல்லாம் மோல்டு போடும் முன் குறித்துவிடுங்கள். பீஸ் வெளியே வந்த பிறகு எங்கே போல்ட் போடலாம் என்று தேடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கெட்டி இடம் எங்கே, ரிப் எங்கே, மடிப்பு எங்கே என்பதெல்லாம் பிளக்கிலேயே தெரிய வேண்டும்.

காசிமேடு_ஃபைபர் | ஏப்ரல் 29

சார் சொன்னது நூற்றுக்கு நூறு. படகில் இன்ஜின் உட்காரும் மரத்தை நாங்கள் லேயரோடு லேயராக வைத்தே போடுவோம். பிறகு வந்து ஒட்டினால் ஒரு சீசன் தாங்காது.

கம்பிக்கூடு | ஜூன் 18

ஏழு வாரம் எழுதவில்லை, மன்னிக்கவும். வேலையில் இருந்தேன்.

பழைய முன்பாடியையே பிளக்காக வைத்தேன். கிழிந்த இடங்களைப் பட்டி வைத்து அடைத்து, ஓரம் முழுக்க ப்ளைவுட் பட்டை வைத்து 30 மி.மீ. மடிப்புக்கு வடிவம் கொடுத்து, 80 உப்புத்தாளில் தொடங்கி 1200 வரைக்கும் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். அது மட்டும் பதினோரு நாள். மடிப்பு உள்பக்கம் போவதால் ஒரே மோல்டில் கழன்று வராது என்பது தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது. அதனால் பின் ஓரத்துக்குத் தனியாகக் கழற்றுகிற துண்டு வைத்து, மோல்டை இரண்டாகச் செய்து போல்ட்டில் சேர்த்தேன்.

லேயர் எல்லாம் டூல்ரூம் சார் சொன்னபடி. ரெசின் காலை ஐந்தரைக்கு, கால் கிலோ கால் கிலோவாக, அகலத் தட்டில். என் மனைவி நேரம் பார்த்துக் கலக்கிக் கொடுக்க, நானும் தம்பியும் ரோலர் ஓட்டினோம். காசிமேடு அண்ணே, உங்கள் காசு வித்தையைச் செய்து பார்த்தேன். பாடி முழுக்க மூன்று இடத்தில் மட்டும் மொத்தென்று கேட்டது. அந்த மூன்றையும் அறுத்து, ஓரம் சரிவாகத் தேய்த்து, மறுபடி போட்டேன்.

ஒரு சறுக்கல். ரிவ்நட்டை (ஓட்டையில் செருகிப் பிதுக்கிப் பொருத்தும் நட்) ஃபைபரிலேயே நேராகப் போட்டுப் பார்த்தேன், ஒரு சின்னப் பழைய துண்டில்தான். இரண்டு முறை போல்ட் ஏற்றி இறக்கியதும் ரிவ்நட் ஓட்டைக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதனால் ரிவ்நட் எல்லாம் ஃபிரேமில் வெல்டு செய்த காதுத் தகட்டில்தான். ஃபைபரில் ஸ்லீவும் வட்டத் தகடும் மட்டும். தகடுகளை எபாக்ஸி பசையில் ஒட்டியிருக்கிறேன், அதற்கு முன் 80 உப்புத்தாளில் தேய்த்து அசிட்டோனில் துடைத்தேன்.

இப்போது மூக்கில் இரண்டு கீல், இடது வட்ட ஓட்டை, வலது நீள்ஓட்டை. பின் ஓரத்தில் கால் சுற்றுத் திருப்பினால் கழலும் லாக் மூன்று, ஒன்று நடுவில். பக்கங்களில் ரப்பர் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் பானெட்டில் இரண்டு நீளத் திறப்பு வைத்துக் காற்றை மேலே விட்டுவிட்டேன். எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு விரல் இடைவெளி விட்டு, உள்ளே அலுமினியத் தாள். கம்பிக்கயிறு இரண்டு. எல்லாம் சேர்த்து எடை 9 கிலோ 200.

குறுக்குக் குழாய் சேர்த்த பிறகு ஜாக்கி வைத்து மறுபடி அளந்தேன். நான்கு மி.மீ. ஒன்றரை ஆகியிருக்கிறது.

ஏரோ_குரோம்பேட்டை | ஜூன் 18

டிராக்குக்குப் போகும்போது பானெட் மேல் நூல் துண்டு ஒட்டிக்கொண்டு போங்கள். கம்பளி நூல், பத்து செ.மீ. நீளம், வரிசையாக. ஒரு கேமரா ரோல் பாரில். எங்கே நூல் தூக்கிப் படபடக்கிறதோ அங்கே காற்று பிரிகிறது. பின் ஓரத்தின் மேல் ஒரு ஸ்கேலையும் ஒட்டினால், எத்தனை மி.மீ. தூக்குகிறது என்பதும் வீடியோவில் தெரியும்.

எஸ்டீம்காரன் | ஜூன் 19

முதல் ஐந்து சுற்று 100-க்கு மேல் போகாதீர்கள். உள்ளே வந்து லாக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். சக்கரத்தை முழுதாகத் திருப்பி, சஸ்பென்ஷனை முழுதாக அழுத்தி, டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டீர்களா?

கம்பிக்கூடு | ஜூன் 19

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை மேலே தூக்கிப் பார்த்தேன் அண்ணா. வலது பக்கம் உள் ஓரத்தில் உரசியது, 12 மி.மீ. வெட்டி எடுத்துவிட்டேன்.

கம்பிக்கூடு | ஜூலை 7

நேற்றுப் போய் வந்தேன். இருபத்திரண்டு சுற்று. எஸ்டீம்காரன் அண்ணா பிட்டில் வந்து நின்றார், முதல் ஐந்து சுற்றுக்குப் பிறகு அவரே ஒவ்வொரு லாக்காகத் தொட்டுப் பார்த்தார்.

நேர்ப்பாதையில் 148 வரை போனது. வீடியோவை வீட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். பின் ஓரம் நடுவில் ஒரு மி.மீ. கூட எழவில்லை. நூல்கள் பானெட் மேல் படிந்தே ஓடுகின்றன. இடது ஃபெண்டரின் உச்சியில் மட்டும் நான்கு நூல் 120-க்கு மேல் தலைகீழாகத் திரும்பி நிற்கின்றன. அந்த வளைவை அடுத்த முறை தணிக்க வேண்டும். திறப்புகளுக்குப் பின்னால் இருக்கும் நூல்கள் விறைத்து நிற்கின்றன, உள்காற்று நன்றாக வெளியே வருகிறது. தண்ணீர்ச் சூடும் முன்பைவிட ஆறு டிகிரி குறைவு. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வலது பின் லாக்கைச் சுற்றி ஜெல்கோட்டில் ஒரு முடி அளவு கோடு வந்திருக்கிறது. காசு வைத்துத் தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது. பென்சிலால் இரண்டு முனையையும் குறித்துத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை போய் வந்த பிறகு கோடு பென்சிலைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காசிமேடு_ஃபைபர் | ஜூலை 8

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி, படகிலும் நாங்கள் அப்படித்தான் குறிப்போம். கோடு தாண்டினால் வெளியே பூசாதீர்கள், உள்பக்கம் திருப்பி அந்தக் கெட்டி இடத்தைப் பாருங்கள். கதவு மோல்டு போடும்போது சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே குன்றத்தூர் வருகிறேன். ரோலர் என்னுடையதைக் கொண்டு வருகிறேன், உங்களிடம் இருப்பது தடிமன் அதிகம்.